நடுப்பிள்ளையின் சத்தங்கள்

அந்தச் சொகுசு வண்டியிலிருந்து முதன்முதலாக நீக்கப்பட்ட சத்தம், அதை நீக்கியவரின் வீட்டுக் குளியலறையில் குடியேறியது. பக்கக் கண்ணாடியில் காற்று மோதும்போது எழும் மெல்லிய சீழ்க்கை அது. காலையில் தொழிற்சாலையில் கண்ணாடியின் ஓரத்தை நகக்கனம் சீவிவிட்டார். சீழ்க்கை நின்றது, சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். மாலையில் வீடு திரும்பி முகம் கழுவப் போனபோது, குழாய்க்குப் பின்னால் அதே சீழ்க்கை கேட்டது. குழாயை இறுக்கிப் பார்த்தார், ஜன்னலைச் சாத்திப் பார்த்தார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார். வண்டியிலிருந்து கிளம்பிய சத்தம் எங்காவது போய்த்தானே ஆகவேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. அதற்கு மேல் அதில் யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை.

வண்டிக்குத் தொழிற்சாலையில் நடுப்பிள்ளை என்று பெயர். ஏற்கெனவே ஒரு பெரிய வண்டியும் ஒரு சின்ன வண்டியும் நல்ல பெயர் வாங்கி ஊரெல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. பெரியதன் கம்பீரமும் சின்னதன் செல்லமும் இதற்கு வாய்க்காது என்று களிமண்ணில் உருவம் பிடித்த நாட்களிலேயே பேசிக்கொண்டார்கள். முதல் உருவத்தைப் பார்த்த மேலிடம் மூக்கு நீளம் என்றது. அடுத்ததைப் பார்த்துவிட்டு மூக்கையே காணோம் என்றது. மூன்றாவது வரிசை இருக்கை வேண்டுமா வேண்டாமா என்று ஒரு மழைக்காலம் முழுக்க வாக்குவாதம் நடந்தது. வைத்தார்கள், எடுத்தார்கள், திரும்ப வைத்தார்கள், கடைசியில் இரண்டு வரிசையோடு நிறுத்திப் பின்னால் உட்காருகிறவர் தாராளமாகக் கால் நீட்டும்படி செய்தார்கள். திட்டத்தின் தலைமைப் பொறியாளர், மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு அதையே மேசையெல்லாம் தேடுகிற ஒரு அம்மையார். எல்லாவற்றுக்கும் விட்டுக்கொடுத்தவர், ஒன்றில் மட்டும் பிடித்த பிடியை விடவில்லை. அண்ணனைவிடவும் தம்பியைவிடவும் நடுப்பிள்ளை அமைதியாக இருக்கவேண்டும். "கதவ சாத்தினா வெளி உலகம்னு ஒண்ணு இருக்கவே கூடாது," என்றார். அந்த வேலை உஷ் சார் தலையில் விழுந்தது.

உஷ் சார் ஒலிப்பிரிவின் பொறியாளர். ஒரு ஆணி தளர்ந்திருப்பதை அடுத்த கூடத்திலிருந்தே சொல்லிவிடுவார். அந்தக் காதை வேலை முடிந்ததும் கழற்றி வைத்துவிட்டு வர முடியாததுதான் அவர் கஷ்டம். வீட்டில் மனைவி கரண்டியைக் கீழே வைத்தால் உஷ் என்பார். நாற்காலியை இழுத்தால் உஷ். மகள் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டே வாய்க்குள் ஏதாவது முனகினால் உஷ். கோபமாகச் சொல்லமாட்டார், கெஞ்சுவது போலத்தான் சொல்வார், அதனால் அவரோடு சண்டை பிடிக்கவும் வழியில்லாமல் இருந்தது. மனைவி மூக்குக்கண்ணாடிக் கடை ஒன்றில் கணக்கராக வேலை பார்த்தவள். மலைப்பக்கத்து ஊரில் திறக்கிற புதுக் கிளைக்கு மேலாளராகப் போகிறாயா என்று கேட்டார்கள். சரியென்றாள். மகளுக்கு அப்போது எட்டோ ஒன்பதோ. "சண்டை போட்டுட்டுப் போறேன்னு நெனைக்காதீங்க. கொஞ்ச நாள் நாங்க சத்தமா இருந்து பாக்குறோம்," என்றாள். பெட்டிகளை இழுக்காமல் தூக்கிக்கொண்டே போனார்கள், அந்த அளவுக்குப் பழகியிருந்தது. வீடு அவர் ஆசைப்பட்டபடியே ஆயிற்று. ஒரு வாரம் நன்றாகத்தான் இருந்தது.

அந்த ஆண்டுகளில்தான் நடுப்பிள்ளையின் சத்தங்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. கதவு ரப்பரை இரட்டிப்பாக்கிய மாதம், கதவிடுக்கின் விசும்பல் சமையலறைக்கு வந்தது. ஜன்னலுக்கு இரண்டடுக்குக் கண்ணாடி போட்டதும் லாரிகளின் இரைச்சல் கூடத்தில் தங்கியது. வண்டியின் வயிற்றில் கம்பளி ஒட்டியபோது டயர்களின் ரீங்காரம் மாடிப்படிக்கு அடியில் போய்ச் சுருண்டுகொண்டது. முகப்புப் பலகையின் கடகடப்பு மட்டும் கொஞ்சம் முரடு, அலமாரிக்குள் புகுந்துகொண்டு அவர் சட்டை எடுக்கப் போகும்போதெல்லாம் அதிர்ந்தது. பாலைவன வெயிலில் ஓட்டிப் பார்த்துத் திரும்பினால் வெயிலில் விரிகிற தகரத்தின் டிக் டிக் கூடவே வந்தது. பனிப் பிரதேசத்தில் ஓட்டிப் பார்த்துத் திரும்பினால் உறைந்த ரப்பரின் கிறீச்சொலி வந்து, குளிர்பதனப்பெட்டியின் பக்கத்தில் இடம் பிடித்தது. கீழ்வீட்டில் மருந்துக்கடை வைத்திருப்பவர் ஒருநாள் படியேறி வந்து, "சார், தப்பா எடுத்துக்காதீங்க, வீட்டுக்குள்ளயே வண்டி ஓட்டுறீங்களா?" என்று கேட்டார். உஷ் சார் விஷயத்தைச் சொன்னார். "அப்படியா, வேலை சம்பந்தப்பட்டதா," என்று மருந்துக்கடைக்காரர் சமாதானமாகி, அந்த டயர் சத்தத்தை மட்டும் சாயங்காலம் கொஞ்சம் அடக்கி வைக்க முடியுமா என்று கேட்டுவிட்டு இறங்கிப் போனார்.

இத்தனை சத்தம் இருந்தும் உஷ் சார் ஒருமுறைகூட உஷ் சொல்லவில்லை. வேலை விட்டு வந்து கதவைத் திறக்கும்போது உள்ளே யாரோ இருப்பது போல இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் மனைவி தொலைபேசியில் கூப்பிடுவாள். "என்ன, வீட்டுக்கு யாராவது வந்திருக்காங்களா?" என்பாள். "ஆமா, நாலஞ்சு பேர்," என்பார். பிறகு மகள் பேசுவாள். நல்லா இருக்கியா, நல்லா இருக்கேன், படிக்கிறியா, படிக்கிறேன். அதற்குப் பிறகு இரண்டு பக்கமும் ஒன்றும் இருக்காது. அலமாரிதான் கடகடவென்று ஏதோ சொல்லும்.

அவர்கள் போன நான்காவது வருடம் நடுப்பிள்ளை பேசவே பேசாத பிள்ளையாகிவிட்டது. இன்ஜின் ஓடுகிறதா என்று முள்ளைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அம்மையார் உட்கார்ந்து பார்த்துவிட்டு உஷ் சாரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். கேடு அதற்குப் பிறகுதான் வந்தது. கருத்துக் கேட்பதற்காக ஏற்றிய குடும்பங்கள் சிரித்துக்கொண்டே ஏறின, இறங்கும்போது ஆளுக்கொரு திசையாகப் பார்த்தன. ஒரு கணவன் மனைவி திரும்பிப் போக இரண்டு வாடகை வண்டி கேட்டார்கள். நான்கு பேராக ஏறினாலும் ஒவ்வொருவருக்கும் தான் மட்டும்தான் வண்டியில் இருப்பதாகப் பட்டது. பக்கத்தில் இருப்பவரின் தோள் இடித்தபோதும் அப்படியே இருந்ததாம். வாழ்க்கையில் பாதியைச் சாலையில் தனியாகக் கழித்த சோதனை ஓட்டுநர், எதற்கும் அசராத மனுஷர், சாவியைக் கொண்டுவந்து உஷ் சார் மேசையில் வைத்தார். "சார், கோச்சுக்காதீங்க. இதுக்குள்ள உக்காந்தா, நான் செத்துப்போயி யாருக்கும் சேதி சொல்லாத மாதிரி இருக்கு. எனக்கு வேற வண்டி குடுங்க."

ஒலிபெருக்கி வழியாகப் பொய்யான இன்ஜின் உறுமலை ஓடவிட்டுப் பார்த்தார்கள். யாரோ பக்கத்து அறையில் தொலைக்காட்சி பார்ப்பது போல இருந்தது. எடுத்த சத்தத்தில் ஒன்றிரண்டைத் திருப்பி வைத்தால் என்ன என்று அம்மையார் கேட்டார். உஷ் சார் வண்டியைத் தன் வீட்டு வாசலில் கதவைத் திறந்து நிறுத்திவைத்து ஒரு பகல் முழுக்கக் காத்திருந்தார். ஒன்றும் ஏறவில்லை. சீழ்க்கை மட்டும் வாசல்வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டது. பழகின வீட்டை விட்டு அவை வருவதாக இல்லை. "அப்ப வேற ஏதாவது தேடுங்க. இப்படியே இத விக்க முடியாது. மேலிடத்துல திட்டத்தையே மூடிடலாங்குறாங்க," என்றார் அம்மையார். முன்னூறு பேர் ஐந்தாண்டாக உழைத்த வண்டி அது. மேட்டுப்பாதையில் நீளமாக ஓட்டிப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று உஷ் சார் சாவியை எடுத்துக்கொண்டார். மலைப்பாதைகள் பக்கத்திலேயே நிறைய இருந்தன. அவர் தூரத்து மலைக்குப் போனார்.

வெளியாகாத வண்டி என்பதால் அதன் உருவம் பிடிபடாதபடி உடம்பெங்கும் கறுப்பு வெள்ளைச் சுழிகள் ஒட்டியிருந்தார்கள். கடையிலிருந்து வெளியே வந்த மனைவி, "என்னங்க இது, வரிக்குதிரைக்கு அம்மை போட்ட மாதிரி?" என்றாள். அவர் சிரித்தார், அவளும் கொஞ்சம் சிரித்தாள். பள்ளிவிட்டு வந்த மகள், அவர் மனதிலிருந்ததைவிட ஒரு சாண் உயரமாக இருந்தாள். ஒரு சுற்றுப் போய் வரலாமா என்று கேட்டார். முன்னிருக்கையில் அளவுக்கருவிகள் இருந்ததால் பின்னால், இடதுபக்க ஜன்னலோரம் ஏறிக்கொண்டாள்.

வண்டி மேடேறியது. "ஏம்பா, ஓடுதா இது?" என்றாள். ஓடுது என்றார். கொஞ்ச தூரம் போனதும், "அப்பா, இதுல பேசலாமா?" என்று மெதுவாகக் கேட்டாள். அந்தக் கேள்வி அவரை எங்கோ கொண்டுபோய்த் தள்ளியது. "பேசும்மா. தாராளமா பேசு." ஆனால் அவளுக்குச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை, அவருக்கும் கேட்கத் தெரியவில்லை. வளைவுகள் கடந்தன, மரங்களுக்கிடையில் மேகம் வந்து நின்றது. ஜன்னலில் நெற்றியை வைத்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தவள், தன்னையறியாமல் முனக ஆரம்பித்தாள். அது எந்தப் பாட்டும் இல்லை. கொஞ்சம் ஏறி, கொஞ்சம் இறங்கி, மறந்துபோனது போல நின்று, மறுபடி முதலிலிருந்து தொடங்கும். சின்னவளாக இருந்தபோது வீட்டுப்பாடம் எழுதுகையில் முனகியது அதேதான். உஷ் சாரின் நாக்கு பல்லுக்குப் பின்னால் தயாராக எழுந்தது. அதைக் கடித்துப் பிடித்துக்கொண்டார். உச்சிவரை கடித்த கடியை விடவில்லை. வாயில் உப்புக் கரித்தது.

அவளை இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில், முதல் மேட்டிலேயே பின்னிருக்கையின் இடதுபக்கத்திலிருந்து அந்த முனகல் வந்தது. கண்ணாடியில் பார்த்தார், யாரும் இல்லை. சமதளம் வந்ததும் அது நின்றது, அடுத்த மேட்டில் மறுபடி தொடங்கியது. தொழிற்சாலையில் அம்மையார் ஏற்றத்தில் இரண்டு தரம் ஓட்டச்சொல்லிக் கேட்டார். "என்ன பண்ணீங்க?" "ஒண்ணும் பண்ணல மேடம். சும்மா இருந்தேன்." "அப்ப இனியும் சும்மாவே இருங்க," என்றார். சோதனை ஓட்டுநர் சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டார். பின்னால் நம்ம வீட்டு ஆள் ஒருத்தர் உட்கார்ந்திருப்பது போல இருக்கிறது என்றார். குடும்பங்கள் ஏறின, இறங்கும்போது எங்கே சாப்பிடலாம் என்று பேசிக்கொண்டே போயின. அடுத்து செய்த வண்டிகளிலும் அந்த முனகல் தானாகவே இருந்தது. ஒன்றிலிருந்து மற்றதற்கு அது எப்படிப் போனது என்று எவரும் கேட்கவில்லை. எல்லா வண்டிக்கும் ஒரே நிறம் வருவதில்லையா, அந்த மாதிரி.

அந்த மாதக் கடைசியில் மனைவி கூப்பிட்டாள். "ஒண்ணு கேக்கணும். உங்ககூட வண்டியில வந்ததுக்கப்புறம் இவ முனகுறதே இல்ல. பாத்திரம் தேய்க்கும்போது, தலை வாரும்போது, எப்பவும் ஏதாவது முனகிட்டே இருப்பா. சுத்தமா நின்னுடுச்சு. நீங்க ஏதாவது சொன்னீங்களா?" அவர் ஒன்றும் சொல்லவில்லை என்றார். அது உண்மைதான். ஒருமுறை வாயை அடைத்தது போதாதென்று, மிச்சம் இருந்ததையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டோம் என்று நினைத்தார்.

மறுநாளே வண்டியை எடுத்துக்கொண்டு போனார். மகளைப் பின்னால் உட்காரவைத்து, ஜன்னல்களைத் திறந்துபோட்டு, மேட்டில் மெல்ல ஓட்டினார். முனகல் எழுந்தது. மகள் தலையைச் சாய்த்துக் கேட்டாள், வாயைத் திறந்தாள், அது அவள் உதட்டுவரை வந்ததை அவர் பார்த்தார். அவள் தலையை ஆட்டினாள். அது திரும்பி இருக்கைக்குப் போய்விட்டது.

"எடுத்துக்கோம்மா. அது உன்னோடது."

"இல்லப்பா. சின்னதாயிடுச்சு. பழைய கவுன் மாதிரி, கை நுழைய மாட்டேங்குது." அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீங்க ஃபீல் பண்ணாதீங்க. எப்படியும் இந்த வருஷம் போயிருக்கும்," என்றாள்.

"இப்ப என்ன பாடுற?"

"இப்ப ஒண்ணும் இல்ல. வந்தா சொல்றேன்."

அவர் தலையசைத்தார். அந்த கவுனை அவள் போட்டு நடந்த வருடங்களில் தான் எங்கே இருந்தோம் என்று எண்ணிப் பார்த்தார். பாலைவனத்தில் இருந்தார், பனியில் இருந்தார், வண்டிமேல் காற்றை ஏவிச் சோதிக்கும் சுரங்கத்தில் இருந்தார்.

உற்பத்தி தொடங்குவதற்கு முன் ஒலிப்பிரிவு கடைசியாக ஒப்புதல் தரவேண்டியிருந்தது. உஷ் சார் வண்டியில் தனியாக உட்கார்ந்தார். பின்னிருக்கையின் இடதுபக்க மடிப்பில் ஒரு துண்டுக் கம்பளியைத் திணித்தால் போதும், முனகல் நின்றுவிடும். நின்ற சத்தம் எங்கே போகும் என்று அவரைவிடத் தெரிந்தவர் யாரும் இல்லை. தன் வீட்டில் மகள் விட்டுப்போன அறைக்குத்தான் போகும், அங்கே இதுவரை எந்தச் சத்தமும் குடியேறவில்லை, அவரும் விட்டதில்லை. கம்பளியைக் கையில் வைத்துக்கொண்டு நினைத்துப் பார்த்தார். காலையில் அது முனகும், மாலையில் முனகும், கேட்க அவர் ஒருவர் இருப்பார். மேகமும் இருக்காது, வளைவும் இருக்காது. இன்னொரு தரம் அந்தப் பிள்ளையை வீட்டுக்குள் போட்டுப் பூட்டுவதற்கு அவருக்கு மனம் வரவில்லை. கம்பளியைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு இறங்கிப் போய் ஒப்புதல் கொடுத்தார்.

நடுப்பிள்ளை நன்றாக விற்றது. அண்ணனும் தம்பியும் பின்தங்கிப் போனார்கள். மகள் வெளியூரில் கல்லூரியில் சேர்ந்தாள், ஞாயிறு அழைப்புகள் மாதம் ஒன்றாயின. உஷ் சார் ஓய்வு பெற்றார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் நல்ல சட்டை போட்டுக்கொண்டு, ஒவ்வொரு வாரமும் வேறு வேறு விற்பனைக் கூடத்துக்குப் போவார். யாருக்கும் அவரைத் தெரியாது. ஓட்டிப் பார்க்கிறீர்களா என்று கேட்பார்கள், நீங்கள் ஓட்டுங்கள், நான் பின்னால் உட்காருகிறேன் என்பார். வலதுபக்கம் ஏறுவார், இடதுபக்கத்தைக் காலியாக விடுவார். ஒருநாள் அகப்பட்ட விற்பனையாளர் கழுத்துப்பட்டையைப் புதிதாகக் கட்டக் கற்றுக்கொண்ட இளம்பெண். வீட்டுல எத்தனை பேர் சார் என்றாள். மூணு பேர் என்றார். வண்டி மேம்பாலத்தில் ஏறியது, பக்கத்திலிருந்து முனகல் எழுந்தது, கொஞ்சம் ஏறி, கொஞ்சம் இறங்கி, மறந்து நின்று.

"என்னம்மா இது சத்தம்?" என்று கேட்டார்.

"ரிப்பேர் இல்ல சார்," என்றாள் அவள், டிக்கியில் எத்தனை பெட்டி கொள்ளும் என்று சொன்ன அதே குரலில். "இந்த மாடல் மேடு ஏறினா பாடும். எல்லா வண்டியிலயும் உண்டு. இறக்கத்துல பாடாது."

வண்டி உச்சியைக் கடந்து இறங்கியது. உஷ் சார் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அவசரம் இல்லன்னா, திருப்பி இன்னொரு தடவ ஏறலாமா?"