தகப்பன் இல்லாத மீன்கள்

மகள் என்ன வேலை பார்க்கிறாள் என்று யாராவது கேட்டால், ஓய்வுபெற்ற ரயில் நிலைய அதிகாரி "மீன் சம்பந்தமான ஆராய்ச்சி" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மழைப் பக்கம் திருப்பிவிடுவார். அது பொய் இல்லை. பொய் சொல்லும் குடும்பத்தில் அவர் பிறக்கவில்லை. ஆனால் முழு விவரத்தையும் நாலு பேர் முன்னால் எப்படிச் சொல்வது? அந்த மீன் ஒவ்வொன்றும் தானே முட்டையை உண்டாக்கி, தானே அதைக் கருவாக்கி, தானே இட்டும் விடுகிறது. ஜோடி கிடையாது, சம்பந்தி கிடையாது. தலைமுறை தலைமுறையாகத் தகப்பன் பெயர் தெரியாத பிள்ளைகள்! மானமுள்ள மனிதர் இதை எந்த வாயால் சொல்வார்?

முக்கியமாக, தங்கையின் காதில் இது விழக்கூடாது. அவர் மனைவி இறந்தபோது மகள் கைக்குழந்தை. "ஒத்தை ஆம்பளை, நீ எப்படிண்ணா வளர்ப்பே? எங்கிட்ட குடுத்துடு" என்று தங்கை கேட்டாள். நல்ல மனதோடுதான் கேட்டாள். அவர் முதுகை இன்னும் நிமிர்த்திக்கொண்டு, "என் பிள்ளை என் வீட்டுலதான் வளரும்" என்றார்.

"பார்க்கலாம்" என்றாள் தங்கை.

அந்த ஒரு சொல் அவர் சட்டைக் காலரில் முள்ளாகத் தைத்து அங்கேயே நின்றுவிட்டது. மகளுக்கு அவரே கோணல் வகிடு எடுத்துப் பின்னிவிட்ட காலம் முதல், அவள் வாங்கிய ஒவ்வொரு பரிசும் முதலில் தங்கைக்குத்தான் தெரிவிக்கப்பட்டது.

இன்று ஆராய்ச்சிக்கூடத்தைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடும் நாள். மகள் மைக் பிடித்துப் பேசப் போகிறாள். தங்கை முதல் ஆளாக வந்து நிற்கிறாள்.

"அந்த விஷயத்தைக் கொஞ்சம் சுத்தி வளைச்சு சொல்லேன்மா" என்று மகளை ஓரமாக அழைத்துக் கேட்டுக்கொண்டார்.

"எந்த விஷயம்பா?"

"அதான்... தானே தானா."

"அப்பா, நான் பேசப் போறதே அதைத்தான்!" என்று சிரித்துக்கொண்டே அவள் உள்ளே ஓடினாள்.

அறை நீளமாக இருந்தது. மீன்களுக்காக எப்போதும் வெதுவெதுப்பாகவே வைத்திருப்பார்கள். கஞ்சி போட்ட அவருடைய சட்டை நிமிஷத்தில் முதுகோடும் மார்போடும் ஒட்டிக்கொண்டது. இரும்பு அலமாரிகளில் வரிசை வரிசையாக மூடி போட்ட சின்னத் தொட்டிகள். தொட்டிக்கு ஒரு மீன். விரல் நீளம், சேற்று நிறம், வாலருகே மை வைத்தது போல ஒரு பொட்டு.

"இந்த அலமாரி மொத்தமும் ஒரே மீனோட வம்சம்" என்று மகள் ஆரம்பித்தாள். "மரபணுவைப் பார்த்தா ஒண்ணுக்கொண்ணு வித்தியாசம் கண்டுபிடிக்கிறதே கஷ்டம். ஆனா குணத்தைப் பாருங்க. இலையும் கிளிஞ்சலும் போட்ட தொட்டியில வளர்ந்தது ஒரு மாதிரி, வெறும் தொட்டியில வளர்ந்தது வேற மாதிரி. மரபணு மாறல. அதுல எது வேலை செய்யணும், எது தூங்கணும்னு வாழ்க்கை அது மேல குறி போடுது. அந்தக் குறியில ஏதாவது பிள்ளைக்கும் போகுதா, அப்படிப் போனா வம்சம் எந்தப் பக்கம் திரும்பும்னுதான் தேடிட்டிருக்கோம்."

காட்டுவதற்காக ஒரு தொட்டியின் மூடியைத் திறந்தாள்.

"அதெல்லாம் சரிடி" என்றாள் தங்கை, கூட்டமே திரும்பும்படி. "இதுங்களுக்கு அப்பா யாரு?"

பெரியவர் கண்ணை மூடிக்கொண்டார். அதே நொடியில் தொட்டியிலிருந்து எதுவோ துள்ளி வந்து அவர் மார்பில் சொத்தென்று ஒட்டியது.

"அப்பா, அசையாதீங்க!" மகளின் குரல் கீச்சிட்டது. "அந்த வம்சக் கிளையில அது ஒண்ணுதான் மிச்சம். கீழே விழுந்து யாராவது மிதிச்சுட்டா எல்லாமே போச்சு!"

அவரிடமா இதைச் சொல்ல வேண்டும்? விரைவு வண்டி நடைமேடையைக் கிழித்துக்கொண்டு போகும்போது, பச்சைக் கொடியோடு இமைகூட ஆடாமல் நின்றவர் அவர். நின்றார். மீன் வாலைத் தட்டித் தட்டி மேலே ஏறியது. காலரைத் தொட்டது. ஒரு கணம் யோசித்தது. உள்ளே நுழைந்தது.

"கழுத்துக்குள்ள போகுது" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

"போகட்டும்பா, போகட்டும்! ஈரம் இருந்தா அது தண்ணி இல்லாமலும் இருக்கும்."

"எனக்குக் கூசுதேம்மா."

கூட்டம் குலுங்கிச் சிரித்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை. சிரித்தால் மார்பு ஆடும். மகள் கையை நனைத்துக்கொண்டு வந்து மேல் பொத்தானைக் கழற்றினாள். பனியன் ஓரத்தில் பதுங்கியிருந்த மீனை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு போய்த் தொட்டியில் விட்டாள். மீன் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, ஒன்றுமே நடக்காதது போல இலைக்கடியில் போய்ப் படுத்தது. கைதட்டல் எழுந்தது.

"நான் கேட்டதுக்கு இன்னும் பதில் வரல" என்றாள் தங்கை, கண்ணைத் துடைத்தபடி.

மகள் வாயைத் திறப்பதற்குள் பெரியவரே பேசிவிட்டார்.

"அப்பா, அம்மா எல்லாம் ஒரே ஆள்தான். அதனால இப்ப என்ன குறைஞ்சு போச்சு? எப்படித் தாவுச்சுன்னு நீயே பார்த்தேல்ல!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது. மகள் மைக்கைத் தாழ்த்திக்கொண்டு அவரையே பார்த்தாள். தங்கை ஒரு கணம் அந்த மீனைப் பார்த்தாள். பிறகு வெள்ளைக் கோட்டும் ஈரக் கையுமாக நின்ற அண்ணன் மகளைப் பார்த்தாள்.

"அன்னிக்குப் பார்க்கலாம்னு சொன்னேனே" என்றாள். "பார்த்துட்டேண்ணா. ஒரு குறையும் இல்ல."

அவர் கழன்ற பொத்தானைப் போட்டுக்கொண்டார். அதற்கு வழக்கத்தைவிட நேரம் பிடித்தது.

வீடு திரும்பும் பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் மூக்கைச் சுளித்து, "என்ன சார், மீன் வாடை?" என்று கேட்டார்.

"என் பொண்ணு ஆராய்ச்சி பண்ற மீனுங்க" என்று ஆரம்பித்தார் பெரியவர். "தானே முட்டை, தானே கரு. நல்ல பரம்பரை..."

ரொம்ப நேரம் சொன்னார். இந்த முறை பேச்சை மழைப் பக்கம் திருப்பப் பார்த்தவர் பக்கத்து இருக்கைக்காரர்தான்.