கண்ணாடிக்குள் இருந்த துணி

எனக்கு வாய் சும்மா இருந்தாலும் கை சும்மா இராது. அழுக்கைக் கண்டால் தேய்த்தே ஆகவேண்டும். திருகோணமலையில் வெள்ளிக்கிழமை தவறாமல் குத்துவிளக்கு மினுக்கிய கை அல்லவா? நாசமாய்ப் போன கை.

1986இல், வெளிநாடு வந்த புதிதில், சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடியொன்றில், பதினேழாம் மாடியில், நானும் றோசலினும் ஒரே அறையில் இருந்தோம். அவள் குருநகர்க்காரி, வேதக்காரி. கழுத்தில் எந்நேரமும் ஒரு அந்தோனியார் பதக்கம். சங்கிலி அறுந்த அன்று அதை மேசையில் வைத்துவிட்டு வேலைக்குப் போனாள். எனக்கு லீவு. எடுத்துப் பார்த்தேன். கறுத்துக் கிடந்தது. பின்பக்கத்தில் சின்னக் கண்ணாடி, அதற்குள் மண்ணிறத்தில் துளி துணி. பாவம், எத்தனை வருசத்து ஊத்தையோ என்று நினைத்துக் கத்தி நுனியால் மூடியைக் கிளப்பினேன். துணியைக் குப்பையோடு சேர்த்துக் கட்டி, நடைவழியில் இருந்த குப்பைக் குழாய்க்குள் போட்டேன். பிறகு பழப்புளி போட்டுத் தேய்த்தேன். தங்கம் தோற்றது போங்கள்!

மத்தியானம் றோசலின் போன் எடுத்தாள்.

"கோணேஸ், பதக்கத்தைக் கவனமா எடுத்து வை. உள்ளுக்கை இருக்கிறது அந்தோனியாரின்ர கல்லறையில தொட்ட துணி. பஸ்ரியனுக்காக அதை வைச்சுத்தான் மன்றாடுறன்."

பஸ்ரியன் அவளுடைய புருசன். கொழும்பில் பொலிஸ் பிடித்துக்கொண்டு போய் எட்டு மாதம்.

கீழே குப்பை அறைக்கு ஓடினேன். லொறி அள்ளிக்கொண்டு போய்விட்டது. அப்போதே அவளிடம் சொல்லியிருக்கலாம். சொன்னேனா? என் மண்ணிறக் காலுறையில் ஒரு நுனியை வெட்டிக் கண்ணாடிக்குள் வைத்து மூடினேன்.

"அடியே, என்ன மினுக்கம்! நீதான் எனக்குக் கூடப்பிறந்தவள்," என்று பின்னேரம் றோசலின் கட்டிப்பிடித்தாள். அதோடு என் வாய் ஒட்டிப்போனது.

அந்தோனியாருக்குரிய செவ்வாய் தோறும் வேதக் கோயிலில் அந்தப் பதக்கத்தைக் கைக்குள் பொத்தி, முழங்காலில் நின்று அழுவாள். நானும் துணைக்குப் போவேன். 'அது என்ர காலுறையடி' என்று தொண்டைவரை வரும். பஸ்ரியன் வந்தபிறகு சொன்னால் சிரிப்பாள் என்று விழுங்கிவிடுவேன். என்ன கெட்டித்தனம்!

மூன்றாம் மாதம் செய்தி வந்தது. பஸ்ரியன் இல்லை.

றோசலின் அழவில்லை. ஒரு கிழமையாகச் சோறு தண்ணி இல்லாமல் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தாள். "என்ர விசுவாசம் காணாது, கோணேஸ். எங்கையோ சந்தேகப்பட்டிட்டன். அதுதான் அந்தோனியார் கேக்கேல்லை. நான்தான் பஸ்ரியனைச் சாகவிட்டனான்."

அதற்குமேல் கேட்டுக்கொண்டிருக்க எனக்கு நெஞ்சு இடம்தரவில்லை. குப்பைக் குழாய், காலுறை, எல்லாவற்றையும் கொட்டினேன். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எவ்வளவு நல்லது!

அவள் என்னையே பார்த்தாள்.

"துணி போனாப் போகட்டும். சொல்லியிருந்தா வெறுங்கையோட மன்றாடியிருப்பன். வெறுங்கையையும் அவர் தள்ளமாட்டார்." பிறகு கேட்டாள். "பன்னிரண்டு செவ்வாய், கோணேஸ். நான் அழுததைப் பக்கத்தில இருந்து பாத்துக்கொண்டுதானே இருந்தனி?"

"ஓம்," என்றேன்.