வெயிலில் தெரியாத தீ

உச்சி வெயிலில், லாரிக்குப் பக்கத்தில் நின்ற டிரைவர் திடீரென்று குதித்துக் குதித்து ஆட ஆரம்பித்தபோது அவளுக்கும் சிரிப்புதான் வந்தது. அந்த மனிதர் வந்தாலே பெட்ரோல் கிடங்கில் கூத்துதான். பெட்ரோலில் கலக்கிற எத்தனாலை வாரத்துக்கு இரண்டு நடை கொண்டுவருவார். லோடு இறங்கி முடிவதற்குள் நாலு பேரையாவது வயிறு வலிக்கச் சிரிக்க வைத்துவிடுவார். இறக்குவதற்கு முன் எல்லாவற்றையும் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவது அவள் வேலை. இன்றைக்கு அவர் தன் மாமியார் மாதிரி நடந்து காட்ட, சிரித்த சிரிப்பில் அப்படியே கையெழுத்துப் போட்டுவிட்டாள். குழாய் மூட்டு ஒழுகுவதை அப்புறம்தான் பார்த்தாள். "ரெண்டு சொட்டுதானே தங்கச்சி, இறுக்கிடலாம்" என்றார்.

இப்போது இரண்டு கையாலும் காலை அறைந்துகொண்டு, "எரியுது! எரியுது!" என்று கத்தினார்.

"அண்ணனுக்கு இன்னைக்கு ஆட்டம் கொஞ்சம் தூக்கல்" என்றான் பம்ப் ஆபரேட்டர்.

புகை இல்லை. தீ இல்லை. ஆனால் முழங்காலுக்குக் கீழே அவருடைய பேண்ட் தானாகவே கறுத்துச் சுருங்கிக்கொண்டிருந்தது. எத்தனால் எரிந்தால் பகலில் கண்ணுக்குத் தெரியாது என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். அவள் கத்தினாள்.

"ஐயோ, நிஜமாவே எரியுது! பம்பை நிறுத்து! அவரைத் தண்ணிக்கு இழு!"

ஆபரேட்டர் அவரை இழுத்துக்கொண்டு ஓடினான். லாரியின் வால்வை மூட வேண்டும். பதினைந்தடி தூரம்தான். நடுவில் வெறும் சிமெண்ட் தரை. அதில் எந்த இடம் எரிகிறது, எந்த இடம் சும்மா கிடக்கிறது? அந்தப் பக்கம் பெட்ரோல் தொட்டி வேறு.

சுவரோரம் கிடந்த நீளத் துடைப்பத்தை எடுத்து முன்னால் நீட்டினாள். ஓரடி வைத்தாள். இன்னும் ஓரடி. மூன்றாவதில் துடைப்பத்தின் நுனி சிவந்து சுருண்டது. பின்வாங்கி இடப்பக்கம் நீட்டினாள். ஒன்றும் ஆகவில்லை. அந்தத் துடைப்பம் காட்டிய வழியிலேயே போய் வால்வைத் திருகினாள். நிமிர்ந்தபோதுதான் கண்ணில் பட்டது. லாரியையும் தரையையும் இணைக்கிற செம்புக் கம்பி மாட்டப்படாமலே தொங்கிக்கொண்டிருந்தது. தீப்பொறி பறக்காமலிருக்க முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். மாட்டியாயிற்று என்று கையெழுத்துப் போட்டவள் அவள்.

கிடங்கு ஆட்கள் ஓடிவந்து தீயணைக்கிற நுரையைப் பீய்ச்சினார்கள். டிரைவரை ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு போனபோது அவள் கையைப் பிடித்தார்.

"தங்கச்சி, காலு இருக்கா பாரு."

"இருக்குண்ணே."

"நீ பாக்கவே இல்லையே."

அவளால் பார்க்க முடியவில்லை. ஆம்புலன்ஸின் கதவு சாத்தப்பட்டது.

"அணைஞ்சிடுச்சா?" என்று மேலாளர் தூரத்திலிருந்தே கேட்டார். நுரை அங்கங்கே அடங்கி, தரை மறுபடி வெறுமையாகப் பளபளத்தது. அதற்கு மேலே காற்று நெளிந்தது. வெயில்தானா?

தொட்டியின் மேலிருந்து ஒரு புறா சிறகு விரித்து, அந்த வெற்றுத் தரையை நோக்கி இறங்க ஆரம்பித்தது. அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அதன் கால்களையே பார்த்தார்கள்.