நிழல் விழும் பக்கம்

குமாஸ்தா மவுஸை லேசாகத்தான் தள்ளினார். பூமி கழன்று போயிற்று. திரையில் கண்டங்கள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஓட, விருந்துக்குப் போன வீட்டில் கண்ணாடி டம்ளரை உடைத்தவரைப் போல அவர் கையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"எங்கயாவது ஒரு தட்டு தட்டுங்க சார், நின்னுடும்," என்றாள் பயிற்சி கொடுக்க வந்த பெண்.

தட்டினார். நடுக்கடலில் நின்றது. கண்ணுக்கெட்டிய தூரம்வரை ஒரு கட்டடம்கூட இல்லை. அனுமதி வாங்காத கட்டடமும் இல்லை. மிச்ச சர்வீஸை அங்கேயே கழித்துவிடலாம் போலிருந்தது.

நகராட்சிக் கட்டடப் பிரிவு மொத்தத்தையும் கம்ப்யூட்டர் அறையில் அடைத்திருந்தார்கள். அனுமதியில்லாமல் எழும்பிய கட்டடங்களை இனிமேல் தெருத்தெருவாக அலைந்து தேட வேண்டாம், நாற்காலியில் சாய்ந்தபடி வானத்திலிருந்து பிடித்து இடித்துவிடலாம் என்பது திட்டம். வெயில் மிச்சம் என்று மற்றவர்களுக்குச் சந்தோஷம். குமாஸ்தாவுக்கு இல்லை. அவர் வீட்டு மொட்டைமாடியில் அப்படி ஓர் அறை இருந்தது. புருஷன் வீடு வேண்டாம் என்று தையல் மிஷினோடு திரும்பி வந்த அக்கா அதில்தான் இருந்தாள். கீழே அவரும் மனைவியும் மாமனாரும் ஏற்கெனவே முறைவைத்துத்தான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள். அனுமதி கேட்டால் கிடைக்காது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். கிடைக்காது என்று டைப் அடித்துக் கொடுப்பதே அவர் வேலை.

அறையின் கூரைக்கும் மாடித் தரைக்கும் ஒரே சாம்பல் நிறத்தைப் பூசிவிட்டு, "மேலருந்து கடவுளே பாத்தாலும் தெரியாது சார்," என்று மேஸ்திரி சொல்லியிருந்தார். கடவுளைப் பற்றி அன்றைக்கு யாரும் கவலைப்படவில்லை.

"முதல்ல அவங்கவங்க வீட்டைக் கண்டுபிடிங்க," என்றாள் அந்தப் பெண். "தெரிஞ்ச இடத்துல பழகினா சீக்கிரம் கைவரும்."

குமாஸ்தா கடலை விட்டு அசையவில்லை. பக்கத்து நாற்காலியில் வாய்தா. எந்தக் கோப்பைக் கேட்டாலும் அடுத்த வாரம் என்பதால் ஆபீஸ் வைத்த பெயர். அப்பேர்ப்பட்ட மனுஷனுக்கு இன்றைக்குப் பார்த்து உதவி செய்யும் அவசரம் வந்துவிட்டது.

"யோவ், இன்னும் கடல்லயே மிதக்கிறியா? தள்ளு."

"வேணாம்யா. நானே மெதுவா போயிக்கிறேன்."

"உன் வீட்டுல எத்தனை தடவை கை நனைச்சிருக்கேன். எனக்கு வழி தெரியாதா?"

வாய்தாவே தெருப் பெயரை அடித்தார். பூமி திரும்பி, அவர்களை நோக்கி விழ ஆரம்பித்தது. தண்ணீர்த்தொட்டி வந்தது, தெருமுனை வந்தது. பிறகு எல்லாம் மங்கலாகி, குமாஸ்தாவின் வீடு கட்டம் கட்டமாகத் தெளிந்தது. வாய்தா அடையாளத்துக்கு அதன்மேல் ஒரு மஞ்சள் ஊசியைக் குத்தினார். "இனி நீ எங்க தொலைஞ்சாலும் வீடு தொலையாது," என்று சொல்லிவிட்டுத் தன் திரைக்குத் திரும்பினார்.

குமாஸ்தா ஒற்றைக் கண்ணால் பார்த்தார். ஒரே சாம்பல் சதுரம். அறை இல்லை. இன்னும் கிட்டே போனார். இல்லவே இல்லை. மேஸ்திரியைக் கூப்பிட்டுக் காபி வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று நினைத்தார்.

"இப்பதான் முக்கியமான விஷயம்," என்றாள் அந்தப் பெண். "கூரையைப் பாத்து ஏமாந்துடாதீங்க. பெயிண்ட் அடிச்சு மறைச்சிருவாங்க. நிழலைப் பாருங்க. எங்க உயரமா கட்டியிருக்காங்கன்னு அதுலயே தெரிஞ்சிடும்."

அவர் பார்த்தார். வரிசை வீடுகளின் நிழல் அடிக்கோல் வைத்து வெட்டியதுபோலத் தெருவில் விழுந்திருந்தது. ஊசி குத்திய வீட்டின் நிழல் மட்டும் துருத்திக்கொண்டு எதிர்வீட்டு வாசல்வரை போயிருந்தது. அதன் பக்கத்தில் மெலிசாக இன்னொரு நிழல், கையைத் தூக்கியபடி. அக்கா கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்திருப்பாள்.

காலையில் அவர் செருப்பு மாட்டும்போது அக்கா மாடியிலிருந்து எட்டிப் பார்த்துக் கேட்டிருந்தாள்.

"இன்னிக்கு என்னடா கிளாஸு?"

"உலகத்தையே காட்டுறாங்களாம்க்கா."

"அப்படியே நம்ம வீட்டையும் பாத்துட்டு வா. என் ரூமு எப்படித் தெரியுதுன்னு சொல்லு."

அந்தப் பெண் வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். அவள் வந்து சேர்வதற்குள் வாய்தாவின் தலை இந்தப் பக்கம் நீண்டது. சாப்பிட வந்தவரை யாரும் இதுவரை மாடிக்கு அழைத்ததில்லை. அவர் திரையைப் பார்த்தார், குமாஸ்தாவைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார்.

"யோவ்," என்றார், குரலே இல்லாமல்.

"அடுத்த வாரம் சொல்றேன்யா," என்றார் குமாஸ்தா.

"வீடு கிடைச்சுதா சார்?" நாற்காலிக்குப் பின்னால் அந்தப் பெண்ணின் குரல்.

"இல்லம்மா. தேடிட்டே இருக்கேன்."

மவுஸின் சக்கரத்தை ஒரே இழுப்பாக இழுத்தார். வீடு, தெரு, ஊர் எல்லாம் சுருங்கிப் பூமி பந்தானது. ஓங்கி ஒரு தள்ளு தள்ளினார்.

"ஐயோ, மறுபடி கழண்டிருச்சா? ஒரு தட்டு தட்டுங்க சார்."

விரல் மவுஸின் மேலேயே இருந்தது. தட்டவில்லை. கடல் போயிற்று, பாலைவனம் போயிற்று, பனி போயிற்று. ஓரத்திலிருந்து மஞ்சளாக ஒரு புள்ளி ஏறி வந்து, எல்லோர் முன்னாலும் நிதானமாக நடந்து, அந்தப் பக்கம் இறங்கியது. வாய்தா தன் திரையையே முறைத்துக்கொண்டிருந்தார். "குடுங்க சார், நான் நிறுத்துறேன்," என்று அந்தப் பெண் குனிந்து கையை நீட்டினாள். பூமியின் ஓரத்தில் மறுபடியும் மஞ்சள் எட்டிப் பார்த்தது.