மூடியைத் திறந்தவர்

பொரிக்காத பதினாறு முட்டைகளையும் ஒரு பழைய தட்டில் அடுக்கி எடுத்துக்கொண்டு, கையுறையை மாட்டியபடி பின்வாசல் படியில் உட்கார்ந்தாள் அவள். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் பதினெட்டு வருஷமாக வேலை பார்க்கிறவள். ஒன்று ஏன் கெட்டுப்போனது என்று தெரிந்துகொள்ளாமல் அதைக் குப்பையில் போட அவளுக்கு மனசு வராது.

இது இரண்டாவது தடவை. வீட்டுக் கோழிகள் மூன்றும் முட்டையிடுவதோடு சரி, அடையில் உட்காருகிற வழக்கமே கிடையாது. அதனால்தான் முட்டை பொரிக்கிற இன்குபேட்டர் பெட்டி வாங்கினாள். முதல் தடவை வைத்த இருபத்துநாலு முட்டையில் இரண்டே குஞ்சுகள். அதற்குப் பிறகு அவள் சும்மா இருக்கவில்லை. வேலை செய்கிற இடத்திலிருந்து நல்ல தெர்மாமீட்டரை இரவல் வாங்கி வந்து பெட்டிக்குள் வைத்துப் பார்த்தாள். சூடு சரியாகவே இருந்தது. ஐந்து நாளுக்கு மேல் பழசான முட்டையை ஒதுக்கினாள். பென்சிலால் எண் போட்டு, தினமும் மூன்று வேளை திருப்பி வைத்தாள். ஏழாம் நாள் குளியலறையை இருட்டாக்கி டார்ச் அடித்துப் பார்த்து, கரு இல்லாத ஐந்தை எடுத்துவிட்டாள். மிச்சம் பத்தொன்பதிலும் நரம்பு சிவப்பாக ஓடியது. வெளியூரில் படிக்கிற மகள் தினமும் போனில், "அம்மா, இந்தத் தடவை எத்தனை பாஸ்?" என்று கேட்டுச் சிரித்தாள்.

மூன்றுதான் பாஸ்.

முதல் முட்டையின் அகன்ற முனையை இடுக்கியால் மெதுவாக உடைத்தாள். உள்ளே முழுக் குஞ்சு. அலகு காற்றறை வரை வந்துவிட்டிருந்தது. ஆனால் ஓட்டுக்கு அடியில் இருக்கிற சவ்வு ஈரமாக வழுக்குவதற்குப் பதிலாக, காய்ந்துபோன பசை டேப் மாதிரி இறகோடு ஒட்டிக் கிடந்தது. குஞ்சால் தலையைக்கூடத் திருப்பியிருக்க முடியாது. இரண்டாவதும் அப்படித்தான். ஐந்தாவது முட்டையில் குஞ்சு ஓட்டைக் குத்தித் துளை போட்டுவிட்டு அங்கேயே நின்றிருந்தது.

"இவ்வளவு தூரம் வந்துட்டு..." என்றாள், யாரிடமும் இல்லாமல்.

கதவருகில் கணவர் நின்றிருந்தார். டவுன் பஸ் ஓட்டுகிறவர். விடியற்காலை போனால் மதியம் ஒரு மணிக்கு வீட்டில் இருப்பார். முதல் தடவை தோற்றபோது, "அப்பவே ஆம்லெட் போட்டிருந்தா வயித்துக்காவது ஆகியிருக்கும்" என்று ஒரு வாரம் ஓட்டினார். இன்று ஒரு கிண்டலும் வரவில்லை.

"எல்லாமே முழுசா இருக்கா?" என்று கேட்டார்.

"முழுசா. நகம் வரைக்கும்."

அவர் உள்ளே போய்விட்டார்.

பதினாறில் பதினான்கு ஒரே மாதிரி செத்திருந்தன. கடைசி மூன்று நாளில் பெட்டிக்குள் ஈரம் வற்றினால்தான் சவ்வு இப்படிக் காயும். ஆனால் அவள் நோட்டைப் பார்த்தாள்: காலையும் மாலையும் ஈரப்பதம் அறுபத்தெட்டு, அறுபத்தேழு, அறுபத்தெட்டு. குறை சொல்ல இடமில்லாத கணக்கு. பெட்டிக்குள் இருந்த ஈரமானியை எடுத்துத் திருப்பினாள். பின்னால் ஒரு சின்னப் பொத்தான், இதுவரை பதிவான ஆகக் குறைந்த அளவை நேரத்தோடு காட்டுவதற்கு. அழுத்தினாள். முப்பத்துநாலு, முந்தாநாள் மதியம்.

பதினெட்டாம் நாள் காலையில்தான் அதற்குப் புது பேட்டரி போட்டு, மூடியை மூடினாள். அதற்குப் பிறகு இன்றுவரை அவள் திறக்கவே இல்லை.

"என்னங்க, கொஞ்சம் இங்க வாங்க."

அவர் வந்தார். அவள் மானியைக் காட்டக்கூட இல்லை. அதற்குள் அவரே பேச ஆரம்பித்துவிட்டார்.

"உள்ளேருந்து கத்துதும்மா. நீ வேலைக்குப் போயிடற. மத்தியானம் வீடு முழுக்க அந்தச் சத்தம்தான் கேக்குது. ஒண்ணு மூக்கை மட்டும் வெளிய நீட்டிக்கிட்டு இழுத்து இழுத்து மூச்சு விட்டுது. கொஞ்சம் ஓட்டைப் பிச்சு விடலாம்னு திறந்தேன்."

"எத்தனை தடவை?"

"எண்ணலை. ஒண்ணைப் பிச்சு விட்டா அடுத்தது கத்துது."

"போன தடவையும்?"

அவர் தலையை ஆட்டினார்.

"சொல்லியிருக்கலாம்ல?"

"ஆம்லெட்டுனு அத்தனை கிண்டல் பண்ணிட்டு, எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்றது?"

அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. நாள் தவறாமல் அலாரம் வைத்து எழுந்து முட்டை திருப்பியவள் அவள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவர் கேட்டார்: "அப்போ நான்தான் கொன்னுட்டேனா?"

பரிசோதனை நிலையத்தில் முடிவுத் தாளை நீட்டும்போது எதிரே நிற்பவர்கள் இதே குரலில்தான் கேட்பார்கள். "டாக்டர் சொல்வாருங்க" என்று அவள் நகர்ந்துவிடுவாள். இங்கே நகர இடமில்லை.

"ஆமாங்க" என்றாள். "திறக்கத் திறக்க உள்ள இருந்த ஈரம் போயிடுச்சு. நீங்க உதவி பண்ண ஒண்ணோட சேர்த்து மத்ததும் காஞ்சு போச்சு. ஆனா இதெல்லாம் உங்களுக்குத் தெரியாது. திறக்கக் கூடாதுன்னு நானும் வாயத் திறந்து சொல்லல."

அவர் மண்வெட்டியை எடுத்துவந்து வேலியோரம் குழி தோண்டினார்.

மூன்றாவது தடவை பத்தொன்பது முட்டை தேறியது. பதினெட்டாம் நாள் நெருங்கியதும் அவர், "நான் டபுள் டூட்டி போட்டுக்கறேன். வீட்ல இருந்தா என் கை சும்மா இருக்காது" என்றார்.

"வேணாம். நீங்களே இருங்க. எது நடந்தாலும் நேரம் போட்டு நோட்டுல எழுதுங்க. கைக்கு ஒரு வேலை இருக்கும்."

இருபத்தோராம் நாள் அவருக்கு வார விடுமுறை. அவள் வேலை முடிந்து ஆறு மணிக்குப் பதற்றத்தோடு வீட்டுக்குள் நுழைந்தபோது, அவர் பெட்டிக்கு எதிரே நாற்காலியில் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் கொடுத்து உட்கார்ந்திருந்தார். பெட்டிக்குள் ஏழெட்டுக் குஞ்சுகள் ஈரமும் பாதி உலர்ந்ததுமாக ஒன்றன்மேல் ஒன்று தடுக்கி விழுந்துகொண்டிருந்தன. இன்னும் பல ஓடுகளில் கீறல். அவர் நோட்டை நீட்டினார்.

"6.50 - நாலாம் நம்பர் ஓட்டில் கீறல்.
10.15 - அப்படியே இருக்கிறது.
10.20 - அப்படியே.
10.25 - அதற்கு ஒன்றும் இல்லை, எனக்குத்தான் முடியவில்லை.
1.40 - நாலாம் நம்பர் வெளியே வந்துவிட்டது. தானாக."

அடுத்த பக்கத்தைத் திருப்பினாள்.

"2.30 - பன்னிரண்டாம் நம்பர் பலமாகக் கத்துகிறது.
3.20 - மெதுவாகக் கத்துகிறது.
4.05 - சத்தம் நின்றுவிட்டது. திறக்கவில்லை."

அவள் அந்த வரியை இரண்டு தடவை படித்தாள். கைப்பையைக் கூடத் தோளிலிருந்து இறக்காமல், இன்னொரு நாற்காலியை இழுத்துப்போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"திறந்திருந்தா பொழச்சிருக்குமோ?" என்று கேட்டார்.

"தெரியலைங்க. நிஜமாவே தெரியலை."

"ம்."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு முட்டை தானாக உருண்டு, இன்னொரு முட்டையில் முட்டி நின்றது. ஓட்டின் முனை மூடி மாதிரி விலகி, ஈரமான ஒரு கழுத்து வெளியே சரிந்தது. அவர் மூச்சை இழுத்துப் பிடித்தார். அவள் அவர் முழங்கையைப் பற்றிக்கொண்டாள்.

மறுநாள் விடிவதற்குள் பதினான்கு வந்துவிட்டன. பஞ்சாய் உலர்ந்து நின்றவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, பல்பு தொங்கவிட்ட அட்டைப்பெட்டிக்கு மாற்றுகிற வேலையை அவள் அவரிடமே விட்டாள். ஸ்டீயரிங் பிடித்துக் காய்த்துப்போன அந்தக் கை, ஒரு குஞ்சை எடுத்து வைக்க இரண்டு நிமிஷம் எடுத்துக்கொண்டது. அன்றைக்கு அவர் ஓட்டும் முதல் பஸ் இருபது நிமிஷம் தாமதமாகக் கிளம்பியது. ஏன் என்று டிப்போவில் கேட்டதற்கு, வீட்டில் விசேஷம் என்று மட்டும் சொன்னாராம்.