இன்னும் ஒரே ஒரு வார்த்தை

திண்டிவனத்தில் சின்னப்பராஜ் வாழ்த்துரை வழங்காத மேடை கிடையாது. அவர் மைக்கைப் பிடித்தால் பந்தியில் போட்ட இலை காய்ந்துவிடும். 2014 சர்ச் பங்குத் திருவிழாவில் "நேரமின்மை காரணமாக விடைபெறுகிறேன்" என்று படியிறங்கியவர், "இன்னும் ஒரே ஒரு வார்த்தை" என்று மைக்கை நோக்கி வெடுக்கென்று திரும்பினார். உடம்பு திரும்பியது, ஊன்றிய கால் திரும்பவில்லை. முட்டிக்குள் ஏதோ அறுந்தது. அவர் உட்கார்ந்துவிட்டதைப் பார்த்துப் பேச்சு முடிந்ததென்று கூட்டம் கைதட்டியது.

விழுப்புரத்து டாக்டர் ஸ்கேனைப் பார்த்து, "முட்டியில ஜவ்வு கிழிஞ்சிருக்கு" என்றார். இரண்டு துளை போட்டு, கேமரா விட்டுத் தைத்தார். தையல் பிடிக்கும்வரை அந்தக் காலை ஊன்றக்கூடாது. முட்டிக்குப் பட்டை, கைக்கு வாக்கர்.

மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். மகள் லூசியா துபாயில். நலம் விசாரிக்க வருபவர்களுக்காகக் கூடத்தில் நாற்காலிகள் போடச் சொன்னார். ஆபரேஷனைப் பற்றி ஓர் உரையும் தயார். நாற்காலிகளில் தூசிதான் வந்து உட்கார்ந்தது.

"ஏம்மா கோவிந்தம்மா, எனக்கு ஆபரேஷன் ஆனது ஊர்ல யாருக்குமே தெரியாதா?"

சமைத்துப்போட வரும் கோவிந்தம்மாள் வெங்காயத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. "தெரியாம இன்னாங்க? ஜவ்வுக்கே ஜவ்வு கிழிஞ்சிச்சின்னு ஊரே சிரிச்சிக்கினு கீது."

"ஜவ்வுக்கா?"

"உங்க பேருதாங்க அது. யாராச்சும் வந்து உக்காந்தா, ஜவ்வு மாதிரி இழுத்து எழுந்துக்க உடமாட்டீங்களாமே?"

இனி யார் வந்தாலும் வாயைத் திறப்பதில்லை என்று முடிவு செய்தார்.

ஞாயிற்றுக்கிழமை, அவரோடு தாலுக்கா ஆபீசில் வேலை பார்த்த குமரேசன் வந்தார். நெடுநேரம் கேட்கத் தயாராகத்தான் வந்திருந்தார். கையில் அவித்த மல்லாட்டைப் பொட்டலம்.

"சொல்லுங்க சார், எப்படி ஆச்சு?"

"கால் திரும்பிடுச்சி."

"ஆபரேஷன்?"

"ஆச்சு."

பட்டையைத் தளர்த்திக் காட்டினார். கடுகளவு இரண்டு தழும்பு. அதைப் பற்றி மட்டும் அரைமணி நேரம் பேசச் சரக்கு இருந்தது, விழுங்கினார். மின்விசிறி சுற்றியது. வேர்க்கடலைத் தோல் உரிபடும் சத்தம் கேட்டது.

பாதிப் பொட்டலத்தில் குமரேசன் எழுந்தார். "பேச்சே வரலியே சார், ரொம்ப வலி போல. ரெஸ்ட் எடுங்க. யாரும் வந்து பேஜாரு பண்ண வேணாம்னு நானே எல்லார்கிட்டயும் சொல்லிட்றேன்."

சின்னப்பராஜ் பதறி வாக்கரைப் பிடித்தார். ஒற்றைக் காலில் தத்தி வாசலுக்கு வருவதற்குள் குமரேசன் பைக்கை உதைத்துவிட்டார்.

"குமரேசா! இன்னும் ஒரே ஒரு வார்த்தை!"

வாழ்நாளில் முதல்முறையாக அவர் சொல்ல நினைத்தது உண்மையிலேயே ஒரே வார்த்தைதான். உக்காரு.

ஆனால் அவருடைய 'இன்னும் ஒரே ஒரு வார்த்தை'யைத் திண்டிவனத்தில் அறியாதவர் இல்லை. குமரேசன் திரும்பிப் பார்க்காமலே கியரை மாற்றினார்.