கீழறையில் ஆம்பி ராசா

1995ஆம் ஆண்டு ஜூன் மாதம், தட்சசீலத்து அரசன் ஆம்பி, ஆக்லாந்தின் லின்ஃபீல்டில் ஆனந்தவல்லியின் வீட்டுக் கீழறையை வாரம் தொண்ணூறு டொலருக்கு வாடகைக்கு எடுத்தான். கரண்ட் காசு தனி. கிரேக்கத்திலிருந்து படையோடு வந்த அலெக்சாண்டருக்குச் சண்டையில்லாமல் கோட்டைக் கதவைத் திறந்துவிட்டு, ஐம்பத்தாறு யானையும் கொடுத்து, பக்கத்து நாட்டுப் போரஸை அடிக்க ஆளும் அனுப்பினானே, அதே ஆம்பிதான். அது நடந்து இரண்டாயிரத்து முந்நூற்று இருபது வருடம் ஆகியிருந்தாலும் ஆளைப் பார்த்தால் அறுபதுதான் மதிக்கலாம். லின்ஃபீல்ட் தமிழர் முதலில் விசாரித்தது, அவன் என்ன விசாவில் வந்தான் என்பதைத்தான். அவனைப்போலவே அலெக்சாண்டரோடு சேர்ந்த சசிகுப்தன் வெலிங்டன் பக்கம் இருப்பதாகவும், இரண்டு பேருக்கும் பேச்சு வார்த்தை இல்லை என்றும் பிறகு தெரியவந்தது.

கோட்டைக் கதவைத் திறந்த அன்றிலிருந்து ஆம்பியின் முன்னால் எந்தக் கதவும் பூட்டிக் கிடப்பதில்லை. அவன் நடந்து போனால் தெருவின் கராஜ் கதவுகள் ஒவ்வொன்றாக மேலே ஏறும். நிறுத்தியிருக்கும் கார்களின் பின்கதவுகள் திறக்கும். பால் வாங்க டெயரி என்கிற மூலைக்கடைக்குள் நுழைந்தால் ஐஸ்கிரீம் பெட்டியின் மூடி தானாக விலகும். முதல் மாதம் ஏழு வீட்டுக்காரர் முறைப்பாடு எழுதினார்கள். இரண்டாம் மாதம் அதே ஏழு பேரும், சாவியை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டோம், ராசாவைக் கொஞ்சம் அனுப்ப முடியுமா என்று ஆனந்தவல்லிக்குப் போன் எடுத்தார்கள். ஈஸ்ட் டாமாக்கியில் கண்டெய்னர் இறக்கும் ஒரு கொம்பனி அவனைச் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டது. எல்லர்ஸ்லியில் கம்ப்யூட்டர் வேலை செய்யும் மதுரைக்காரர் மாரிசாமி ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவியோடும் ஒரு டப்பா முறுக்கோடும் அவனைப் பார்க்க வந்தார்.

"தப்பா நினைச்சுக்காதீங்க சார். எங்க ஸ்கூல் புக்குல உங்களைத் துரோகின்னு போட்டிருந்துச்சு."

"எத்தினை வரி?"

"ஒரே வரிதான் சார்."

"போரஸுக்கு?"

"ஒரு பக்கம். யானையோட படமும் இருக்கும்."

"அந்த யானை என்ர," என்று சொல்லி, ஆம்பி இன்னொரு முறுக்கை எடுத்தான்.

அவனுக்குத் திறக்காத கதவு ஆக்லாந்தில் ஒன்றே ஒன்று இருந்தது. அது மேல்மாடியில், ஆனந்தவல்லியின் கணவர் இராசரத்தினத்தின் அறைக் கதவு. அதில் பூட்டுக்கூட இல்லை. ஊரில் பள்ளிக்கூடத்து அதிபராக இருந்த இராசரத்தினம், இங்கே வந்த நான்கு வருடத்தில் வேலைக்குப் போகவும் சாப்பிடவும் மட்டுமே அதைத் திறந்தார். காரணம் எல்லோருக்கும் தெரியும். 1988இல் அவருடைய பள்ளிக்கூடத்துக்குள் முந்நூற்றுப் பதினான்கு பேர் தஞ்சம் புகுந்திருந்தார்கள். மூன்றாம் நாள் கேற்றுக்கு வெளியே படை வந்து நின்றது. திறக்கவே கூடாது என்று ஊரில் சொல்லியிருந்தார்கள். அவர் திறந்தார், படைக்குப் பெரியவனுக்குத் தேத்தண்ணியும் கொடுத்தார். முந்நூற்றுப் பதினான்கு பேரும் கடற்கரைப் பாதையால் நடந்து உயிரோடு போய்ச் சேர்ந்தார்கள். போய்ச் சேர்ந்த இடத்திலிருந்து அவருக்குத் துரோகி என்ற பட்டத்தை அனுப்பிவைத்தார்கள். ஆக்லாந்து விமான நிலையத்தில் அவருடைய சூட்கேசுக்கு முன்னால் அது வந்து இறங்கியிருந்தது. கொண்டுவந்து சேர்த்தவர், எங்கள் விழாச் சாப்பாட்டுக்கெல்லாம் பொறுப்பான ரதிதேவி. இந்த விஷயங்களில் அவரைவிடக் கெட்டிக்காரர் எங்கள் பக்கத்தில் இல்லை. அன்று முதல் கல்யாணம், பூப்புனித நீராட்டு, பொங்கல் எதற்கும் இராசரத்தினம் வெளிக்கிடவில்லை. ஆனந்தவல்லி தனியாகப் போய், அவருக்குச் சளி என்று சொல்லிவிட்டு வருவார். அந்தச் சளிக்கு நான்கு வயது.

சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் ஆண்டு விழா நாடகத்துக்கு ஒரு வழக்கம் இருந்தது. எந்தத் தாய் தகப்பனும் தன் பிள்ளை துரோகி வேடம் போடச் சம்மதிப்பதில்லை. கடைசியில், பெற்றோர் கூட்டத்துக்கு யார் வரவில்லையோ அவர்கள் வீட்டுப் பிள்ளைக்கு அந்த வேடம் என்று தலைவர் இரத்தினசிங்கம் தீர்த்துவைத்திருந்தார். அதன்பிறகு கூட்டத்துக்குக் கதிரை போதவில்லை. 1996இல் அவர் எழுதிய நாடகம் போரஸைப் பற்றியது. கூட்டத்தன்று ஆனந்தவல்லிக்கு வேலையில் மாற்று ஆள் கிடைக்கவில்லை, இராசரத்தினம் எப்படியும் வரமாட்டார். ஆகவே அவர்களுடைய மகள் சிவானி ஆம்பியானாள்.

இரண்டே இரண்டு வசனம்தானே டாட் என்று சிவானி இங்கிலீஷில் சொன்னாள். அதில் ஒன்று சாவியைக் கொடுக்கும்போது. மற்றது, துரோகியே ஏன் கதவைத் திறந்தாய் என்று போரஸ் கேட்கும்போது தலையைக் குனிவது; அதை வசனம் என்று சொல்ல முடியாது. இராசரத்தினம் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார்.

"இஞ்சேருங்கோ," என்றார் ஆனந்தவல்லி வெளியே நின்று. "பிள்ளையை மறிச்சா, பாத்தியளோ, குற்றமுள்ள நெஞ்சு சுடுகுது எண்டு சொல்லுவினம். விட்டா, நானூறு பேருக்கு முன்னால தலை குனிய வேணும். எதெண்டாலும் சொல்லுங்கோ. இந்தமுறை சளி எண்டு நான் சொல்லமாட்டன்."

மறுநாள் மாலை ஆம்பி படியேறிப் போனான். கதவு திறக்கவில்லை. அவன் இரண்டாயிரத்து முந்நூற்று இருபத்தொரு வருடத்தில் முதல் தடவையாக ஒரு கதவைத் தட்டினான். இராசரத்தினம் எழுந்து வந்து திறந்தார்.

"எத்தினை பேர் தப்பினவை?" என்று கேட்டான் ஆம்பி.

"முந்நூற்றிப் பதினாலு."

"என்ர ஊரில ஒரு வீடும் எரியேல்லை. அதை நான் எங்கயும் தலை நிமிர்ந்து சொல்லுவன். ஆனா போரஸில எனக்குப் பழைய எரிச்சல் இருந்தது, அவன் அடிவாங்கட்டும் எண்டும் நினைச்சனான். அதுவும் உண்மை. உமக்கு ஆரிலயும் எரிச்சல் இருந்ததோ?"

இராசரத்தினம் யோசித்தார். அதிபர் அல்லவா, கேள்விக்கு நேரம் எடுத்துத்தான் பதில் சொல்வார். "இல்லை."

"பிறகென்ன உமக்கு? நான் ராசா. ஆரும் என்னட்டை விளக்கம் கேக்கேல்லை, நானும் சொல்லேல்லை. அதாலதான் புத்தகத்தில ஒரு வரியோட நிக்கிறன்."

விழாவன்று மண்டபத்தில் நானூற்றுச் சொச்சம் பேர். ஆம்பி மூன்றாம் வரிசையில் மாரிசாமி குடும்பத்தோடு இருந்தான். அவன் உள்ளே வந்ததும் பதினொரு கதவும் திறந்துகொண்டதால் குளிர் தாங்காமல் எல்லோரும் கோட்டைத் திரும்பப் போட்டுக்கொண்டார்கள். போரஸாக வந்தவன் இரத்தினசிங்கத்தின் மகன் பிரணவன். உரத்த குரல், அட்டை வாள். "துரோகியே, ஏன் கதவைத் திறந்தாய்?" என்று கேட்டுவிட்டு வாளை நீட்டினான். சிவானி தலையைக் குனிய வேண்டும். அவள் குனியாமல் மண்டபத்தின் பின்பக்கத்தைப் பார்த்தாள். அங்கே, கல்யாணக் கோட்டும் சூட்டும் போட்டு, சுவரோரமாக இராசரத்தினம் நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. யார் வந்தாலும் போனாலும் கவனித்துவிடுகிற எங்களுக்கு இது நடக்காத விஷயம்.

"உள்ளுக்கு ஆக்கள் இருந்தவை," என்றார் அவர். வகுப்பின் கடைசி வாங்கில் இருக்கிற பிள்ளைக்கும் கேட்கிற குரல்.

இரத்தினசிங்கம் கையிலிருந்த எழுத்துப்பிரதியைப் புரட்டித் தேடினார். அதில் அப்படி ஒரு வரி இல்லை. பிரணவன் வாளை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான். அப்போது சாப்பாட்டு மேசைப் பக்கமிருந்து, அகப்பையும் கையுமாக, ரதிதேவி சொன்னார்:

"ஓம். நானும் உள்ளுக்குத்தான் இருந்தனான்."

அவர் அங்கே இருந்தது அதுவரை எங்களுக்குத் தெரியாது. எட்டு வருடமாக ஊருக்கெல்லாம் சொன்ன கதையில் அந்த ஒரு விவரத்தை அவர் விட்டுவிட்டிருந்தார். அதன்பிறகு பால்கனிப் பக்கத்தில் ஒருவர், கதவோரத்தில் கைக்குழந்தையோடு ஒரு பெண், ஒலிவாங்கிக்காரர் என்று ஆறு பேர் எழுந்து நின்றார்கள். என்ன செய்வதென்று தெரியாமல் திரும்ப இருந்தார்கள். நாடகம் தொடர்ந்தது. போரஸ் வழக்கம்போலத் தோற்றான். அவனுக்குத்தான் கைதட்டல் அதிகம்.

சாப்பாட்டு வரிசையில் இராசரத்தினத்துக்கு முன்னால் இருபது பேர், பின்னால் நாற்பது பேர் நின்றார்கள். அவருக்குப் பின்னால் ஆம்பி நின்றான். யாரும் அவர்களை முன்னால் போகச் சொல்லவில்லை, விலகவும் இல்லை. கார் நிறுத்த இடமில்லாததைப் பற்றித்தான் பேச்சு. ரதிதேவி இடியப்பம் வைத்தார். ஒன்று கூடுதலாகவே வைத்தார் என்று பக்கத்தில் நின்றவர்கள் சொல்கிறார்கள்.

"மாஸ்டர், சொதி விடட்டோ?"

"ஓம், விடுங்கோ," என்றார் இராசரத்தினம்.